இதயம் வராத பாட்டுகள்

இதயம் என்ற சொல்லைக் காணவில்லை. மறுபடியும் தேடினேன், இல்லை. மடிக்கணினித் திரையில் உமையாள் இதுவரை எழுதிய சினிமாப் பாட்டுகள் அத்தனையும் வட்டங்களாகப் பரவிக் கிடக்கின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு வட்டம், அடிக்கடி எழுதிய சொல்லுக்குப் பெரிய வட்டம், எப்போதோ எழுதியதற்குக் கடுகு மாதிரி ஒரு புள்ளி. இடது ஓரத்தில் அவளுடைய முதல் படம், வலது ஓரத்தில் போன மாதம் வெளிவந்த படம். உடம்பைச் சொல்லும் சொற்களுக்குச் சிவப்பு, மண்ணுக்குக் காவி, தண்ணீருக்கு நீலம், வீட்டுச் சாமான்களுக்கு மஞ்சள் என்று நிறம் கொடுத்ததும் நான்தான். இடது பக்கத்தில் இதயம் தக்காளி அளவுக்கு இருக்கிறது. நடுவில் எலுமிச்சங்காயாகச் சுருங்குகிறது. அதற்கப்புறம் இல்லை. சுருங்கிப் போகிற சொல் புள்ளியாகவாவது மிஞ்சும், இது வெட்டி எடுத்த மாதிரி நிற்கிறது. அது எந்தப் படத்தோடு நின்றது என்று பார்க்க எனக்குத் திரை தேவைப்படவில்லை. இருதயராஜ் அவள் பாட்டுக்கு இசையமைத்த முதல் படத்துக்கு அடுத்ததிலிருந்து. இப்போதும் உமையாள் அங்கேதான் இருக்கிறாள், சாலிகிராமத்தில், அவனுடைய ஸ்டுடியோவில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்பதெல்லாம் சினிமாக்காரர்களுக்குக் கிடையாது. காலையில் கிளம்பும்போது சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, ரசத்தைச் சுட வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சுட வைக்கவில்லை. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்கிறது, கீழ்வீட்டில் யாரோ மிக்ஸி போடுகிறார்கள், நான் ஆறிப்போன ரசத்தைக் குடித்துவிட்டு என் மனைவியின் சொற்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். கேட்டு வாங்கிய வேலை கூட இல்லை. நான் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிற கல்லூரியில் தமிழ் மன்றத்துக்காரர்கள் அவளுக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள், உங்கள் வீட்டம்மாதானே சார், மேடைத் திரையில் போட வித்தியாசமாக ஏதாவது செய்து கொடுங்களேன் என்றார் முதல்வர். செய்யலாம் சார் என்று நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அப்போது நிஜமாகவே பெருமைதான் இருந்தது, வேறொன்றும் இல்லை. இல்லை, இருந்தது. இல்லாமலா இத்தனை வேகமாகத் தலையாட்டினேன்.

என் அப்பா பெயர் பழனியப்பன். அம்மா கடைசிவரை பழனி என்று சொன்னதில்லை. பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதும் அந்த முருகன் ஊருக்கு ரெண்டு குடுங்க என்பாள், கண்டக்டர் எந்த முருகன் ஊர் என்று கேட்டால் என்னை முன்னால் தள்ளி நீ சொல்லுடா வயிரவா என்பாள். பஞ்சாமிர்தம் வந்த இடத்தைக்கூடச் சுற்றிவளைத்துத்தான் சொல்வாள். சொல்லாமல் விடுகிற சொல்லில் ஒரு பெண் எவ்வளவு வைக்க முடியும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இருதயராஜ், இருதயம், இதயம். அந்தப் பெயர்க்காரனோடு வேலை செய்யத் தொடங்கியதும் அந்தச் சொல்லை நாக்கில் வைக்காமல் விட்டுவிட்டாள் ஒருத்தி. பெயரைச் சொல்லக்கூடாதவனாக அவளுக்கு இருக்கவேண்டியவன் யார். என் பெயரை அவள் தாராளமாகச் சொல்வாள், கேஸ்காரனிடம், பாங்கில், கடன் வேண்டுமா என்று கேட்டு வருகிற போனில், வயிரவன் இல்லீங்க வெளிய போயிருக்கார் என்று. அதில் தப்பில்லை, இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள், நானே கல்யாணமான புதிதில் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றேன், அவள்தான் என்னங்க என்பதிலேயே நின்றுவிட்டாள். ஆனாலும் பார். சரி, நிதானமாக யோசி, நீ பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன். ஒன்று நின்றபோது இன்னொன்று தொடங்கியது என்பதால் இரண்டுக்கும் சம்பந்தம் என்று ஆகாது, வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிற முதல் பாடம் அது. இதயம் தேய்ந்துபோன சொல். எந்தப் பாட்டாசிரியருக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துவிடும். அலுத்திருக்கலாம். அப்படியானால் நெஞ்சு ஏன் பெரிதாகிறது. இதயம் நின்ற இடத்துக்கு நேர் மேலே நெஞ்சு வீங்கி நிற்கிறது, அதன் பக்கத்தில் மனசு, கீழே உள்ளம், ஒரு பாட்டில் மார்க்கூடு என்றுகூட எழுதியிருக்கிறாள். அலுத்துப்போனவள் அந்தத் தெருவுக்கே போகமாட்டாள். இவள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போகிறாள், ஒரே ஒரு வாசலை மட்டும் தாண்டித் தாண்டிப் போகிறாள்.

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எழுந்து தண்ணீர் குடித்தேன், குடிக்கும்போதே அடுத்தது தெரிந்துவிட்டது, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே திரையைப் பார்த்ததால் இருக்கும். வலது பக்கம் முழுக்க நீலம். கொஞ்சம் தள்ளி நின்றால் படமே ஒரு நிலப்படம் மாதிரி இருக்கிறது, இடது பக்கம் காவி, பொட்டல், வெயில், கண்மாய், செம்மண், கருவை, அதெல்லாம் எங்கள் காரைக்குடிப் பக்கத்துச் சொற்கள், எனக்கும் அவளுக்கும் பொதுவானவை, அந்தப் பாட்டுகளைக் கேட்கும்போது எனக்கு உள்ளங்காலில் சூடு தெரியும். போகப்போகக் காவி வெளுத்து, வலது ஓரத்தில் கடல் வந்து அடித்துக்கொண்டிருக்கிறது. அலை, கரை, வலை, உப்பு, சங்கு, தோணி. நங்கூரம் மூன்று பாட்டில். நங்கூரத்தை அவள் எங்கே பார்த்தாள். மெரினாவுக்குக் கூட்டிப்போனால் தூரத்திலேயே மணலில் உட்கார்ந்துகொள்வாள், கால் நனைக்க வா என்றால் பயமாக இருக்கிறது என்பாள், நான்தான் இரண்டு செருப்புகளையும் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்த் திரும்பி வருவேன். இருதயராஜுக்குத் தூத்துக்குடி. அவனுடைய அப்பா விசைப்படகு வைத்திருந்தார் என்று பேட்டியில் படித்தேன். ஒவ்வொரு சொல்லையும் கையால் தொட்டவன் நான், கணினிக்கு அது புரியாது, கடலில், கடலுக்கு, கடலே, கடலோரம் எல்லாவற்றையும் வேறுவேறு சொல் என்று நினைத்துக்கொள்ளும், ஒவ்வொன்றின் வாலையும் வெட்டி ஒரே கடலாக்க வேண்டும். போன வாரம் முழுக்க அதைத்தான் செய்தேன். உப்பில், உப்பாய், உப்பின், வெட்டினேன். வெட்ட வெட்ட எனக்கு நாக்கு கரித்தது. இந்த வீட்டில் உப்பு கிடையாது, எனக்குப் பிரஷர் வந்ததிலிருந்து குழம்பில் பாதி உப்புதான், அவளும் அதையே சாப்பிடுகிறாள், ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. முணுமுணுக்காதவள் பாட்டில் எழுதிவைத்திருக்கிறாள், உப்பில்லாத என் நாளில் உன் ஈரக்காற்று என்று. நீ என்கிற சொல்லை இந்த வட்டப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன், அது அத்தனை பெரிய வட்டம், விட்டுவைத்தால் மற்றதெல்லாம் அதற்குள் போய்விடும். எடுத்ததற்குக் காரணம் அது மட்டும்தானா. தமிழில் நீ என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது, இருக்கிறவனா இல்லாதவனா, பக்கத்து அறையில் இருப்பவனா சாலிகிராமத்தில் இருப்பவனா என்று தெரியாது. கதாநாயகன் பாடுவதற்கு எழுதியது அது, உப்பில்லாத என் நாள் கதாநாயகனுடைய நாள், அவன் ஜெயிலில் இருக்கிறான், டைரக்டர் சொன்ன சூழ்நிலை அதுதான். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன.

ஒரே ஒரு தடவை அந்த ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறேன். அவளை அழைத்துவரப் போனவனை உள்ளே உட்காரச் சொன்னார்கள், நடுவில் பெரிய கண்ணாடி, அந்தப் பக்கம் இவர்கள் இரண்டு பேர், சத்தம் கேட்காது. அவன் கறுப்பாக, கட்டையாக, முன்வழுக்கையோடு இருந்தான், என்னைவிட அழகன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அதில்தான் எனக்கு முதலில் நிம்மதி வந்து, அப்புறம் அந்த நிம்மதியே போனது. கீபோர்டில் ஏதோ வாசித்தான். உமையாள் உதட்டை அசைத்தாள், ஒரு சொல். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம். இன்னொன்று. வேண்டாம். அவள் நகத்தைக் கடித்தாள், வீட்டில் அவள் நகம் கடித்து நான் பார்த்ததில்லை. மூன்றாவதாக ஒன்று சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கையை எடுத்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான், வாயில் போட்டது கரைவதற்குக் காத்திருக்கிற மாதிரி. அவள் அவனுடைய மூடிய கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. தொட்டுக்கொள்ளவில்லை, சிரித்துக்கொள்ளவில்லை, என் பக்கத்தில் ஒலிப்பதிவு செய்கிற ஆள் வடை தின்றுகொண்டிருந்தார். திரும்பிவரும்போது வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து இன்றைக்கு ஒரு பல்லவி நன்றாக அமைந்தது என்றாள். என்ன சொல் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டே நல்லாருக்கு உமா என்றிருப்பேன், எத்தனையோ வருஷமாக அவள் வாசித்துக்காட்டுகிற ஒவ்வொன்றுக்கும் அதைத்தான் சொல்கிறேன். அவள் போய்விடுவாள் என்று நான் பயப்படவில்லை. அவனுக்கு மனைவி இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், ஞாயிறு காலையில் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டுத்தான் ஸ்டுடியோவைத் திறப்பான். உமையாள் அப்படிப்பட்டவளும் இல்லை. ராத்திரி இதே கட்டிலில் வந்து படுப்பாள், காலையில் காபி போடுவாள். பயம் வேறு. அவளுக்குள் ஓர் அறை இருக்கிறது, அதன் வாசல்வரைகூட நான் போனதில்லை, இன்னொருத்தன் அங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அப்புறம் நான் என்னைத் தேடினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆளில்லாத வீட்டிலும் வாசற்கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். வயிரவன் என்று தேடினால் வராது, எந்தப் படத்தில் வரும். வைரம் இருந்தது, இரண்டு இடத்தில், இரண்டும் ஒரு நகைக்கடை விளம்பரப் பாட்டு. சரி, நான் என்றால் என்ன, என்னைச் சொல்ல எந்தச் சொற்கள். மூக்குக்கண்ணாடி என்று போட்டுத் தேடினேன், இல்லை. சாவி, வெளியே கிளம்பும்போதெல்லாம் சாவி எங்கே என்று கேட்பவன் நான், இல்லை. சாக்பீஸ் தூள், இருமல், ஸ்கூட்டர், இல்லை. குடை என்று போட்டேன், ஒரு மஞ்சள் வட்டம் வந்தது. பார்த்ததும் திரையை நோக்கிக் குனிந்தேன், ஒரு மழைக்காலத்தில் அவளுக்காகப் பஸ் நிறுத்தத்தில் குடையோடு நின்றேன், அவள் வந்த பஸ்ஸை நான் பார்க்கவில்லை, அவள் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள், நான் மழை விடும்வரை நின்றேன், இருவரும் அதை நினைத்து நினைத்து வெகுநாள் சிரித்தோம். எந்தப் பாட்டு என்று வட்டத்தை அழுத்தினேன். ஊர் திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிற பாட்டு, சாமிக்குப் பிடிக்கிற குடை. மிக்ஸி எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிவிட்டிருந்தது. ஒன்றும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அவள் வரட்டும், படத்தைக் காட்டுவோம், அவள் சந்தோஷப்படட்டும், விழாவில் போடுவோம், முடிந்தது. அந்த முடிவை நான் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பூட்டில் அவளுடைய சாவி திரும்பியது.

சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தவள் திரையைப் பார்த்ததும் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுவிட்டாள். இதெல்லாம் நான் எழுதியதா என்றாள். பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வட்டமாக விரலை வைத்தாள். மெல்ல என்று இத்தனை தடவையா எழுதினேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள், கருவை சின்னதாகிப் போனதற்கு உச்சுக்கொட்டினாள். அவள் முகம் அத்தனை பக்கத்தில் அப்படி மலர்ந்து பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அப்படியே விட்டிருக்கலாம். இதயம் ஏன் நின்றுவிட்டது என்று கேட்டேன், சாதாரணமாகக் கேட்பதுபோல, கேட்கும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சிரித்தாள்.

"அதுவா. இதயம் தாங்காதுன்னு ஒரு பல்லவி எழுதினேன்ல, அதுலேருந்து ஸ்டுடியோவுல பசங்க அவர் எந்திரிச்சா உட்கார்ந்தா இதயம் தாங்காதுன்னு பாட ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே என் பேரைப் பாட்டுல போடாதீங்கம்மா, நெஞ்சு மனசுன்னு ஏதாவது எழுதிக்கங்கன்னுட்டார்."

எனக்கு உடம்பே லேசானது. அம்மாவும் பழனி பஸ்ஸும் கண்டக்டரும் ஒரே நொடியில் காணாமல் போனார்கள். நானும் சிரித்தேன். அந்த நிம்மதி தொண்டையில் இறங்கும் முன்பே வாய் அடுத்ததைக் கேட்டுவிட்டது, அப்போ உப்பு. உப்பில் என்ன என்றாள், அந்த மெட்டில் தாளம் சட்டென்று விழுகிற இடம் அது, அங்கே வல்லினத்தில் விழுகிற சின்னச் சொல் வேண்டும், சர்க்கரை என்று போட்டுப் பார்த்தோம் நீண்டுவிட்டது என்று விரலால் மேசையில் தட்டியும் காட்டினாள். சரி என்றேன். சரி என்றவன் நிறுத்தியிருக்க வேண்டும். நங்கூரம் எங்கே பார்த்தாய் என்றேன். அவள் மேசையில் தட்டிய விரலை எடுத்துக்கொண்டாள். திரையைப் பார்த்தாள், வலது ஓரத்து நீலத்தை, நான் தேடுகிற சொல்லைப் போடும் கட்டத்தில் இன்னும் குடை என்று இருந்ததை. அப்புறம் என்னைப் பார்த்தாள். ஸ்டுடியோவில் அவன் வேண்டாம் வேண்டாம் என்றபோது நகத்தைக் கடித்தாளே, அப்போதுகூட அந்த முகம் இப்படி இல்லை.

"பாட்டைப் படிச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். என்னைச் சோதனை போட்டிருக்கீங்க."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். எத்தனை நாளாக என்றாள். இன்றைக்குத்தான் தோன்றியது என்று தொடங்கி, அவள் பார்வையில் அது நிற்காமல், அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாளிலிருந்து என்று சொல்லிவிட்டேன். அவன் கண்ணை மூடியதையும் சொன்னேன். சொல்லும்போது அது எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கே கேட்டது. அவள் கோபப்படவில்லை. அவர் யார் சொன்னாலும் கண்ணை மூடிக்கொள்வார் என்றாள், ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வார்த்தை காதில் விழாதாம், சொல்கிறவர்மேல் இருக்கிற மரியாதையில் தப்பான வார்த்தைக்குச் சரி சொல்லிவிடுவாராம். கடலைப் பற்றிக் கடைசியாகத்தான் சொன்னாள். பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி.

"கடலை எனக்குப் பிடிச்சுப் போச்சுங்க. எழுதி எழுதித்தான் பிடிச்சுது. அதுக்குப் பின்னால ஆள் யாரும் இல்ல. இருந்தாத்தான் எனக்குப் பிடிக்கணுமா?"

மன்னித்துக்கொள் என்றேன், அவள் தலையசைத்தாள், அது எதற்கு அசைத்த தலை என்று தெரியவில்லை. தேநீர் போட்டுக் கொண்டுவந்தேன், குடித்தாள், சர்க்கரை சரியாக இருக்கிறது என்றாள். படம் நன்றாக இருக்கிறது, விழாவில் இதையே போடுங்கள், எந்த வட்டத்தையும் எடுக்கவேண்டாம் என்றாள். நான் எடுத்துவிட்ட நீயைப் பற்றி அவளுக்குத் தெரியாது. பிறகு நாளைக்குச் சரணம் கொடுத்தாக வேண்டும் என்று எழுந்து, முகம் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். எழுதும்போது கதவைச் சாத்துகிற வழக்கம் அவளுக்கு இல்லை, இன்றைக்கும் சாத்தவில்லை. போனில் மெட்டு ஓடியது, அவளும் கூடவே முனகினாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் தன்னன்னா போட்டுக்கொள்வாள், பிறகு வாய்க்கு வந்ததையெல்லாம் அந்த இடத்தில் வைத்துச் சத்தமாகப் பாடிப் பார்ப்பாள், அபத்தமான சொற்களெல்லாம் வரும், ஒரு தடவை கத்தரிக்காய் என்று பாடிவிட்டு அவளே சிரித்தாள். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே இத்தனை வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன், கேட்கிறேன் என்று தெரியாமலே. இப்போது பேப்பர் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெட்டு வந்தது, தன்னன்னா வந்தது. அடுத்த சுற்றில் அந்த இடத்துக்கு வந்ததும் அவள் வாயைத் திறந்தாள், அ என்று ஒரு மூச்சு கேட்டது, அலையா, அன்பா, அவனா, எதுவாக இருந்தாலும் அது வெளியே வரவில்லை. மெட்டு அவளை விட்டுவிட்டுத் தனியாக ஓடியது. மறுபடி முதலிலிருந்து வைத்தாள். மறுபடியும் அதே இடம், அதே மூச்சு, அதே நிறுத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. மத்தியானம் முழுக்க அந்த வட்டங்களில் நான் எங்கே என்று தேடினேனே, இதோ இருக்கிறேன். அவள் எடுக்கப்போகிற ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் போய் நின்றுகொண்டு இது யாருக்கு என்று கேட்கிறவனாக. இனி எழுதுகிற எல்லாப் பாட்டிலும் இருப்பேன். எழுந்து போய், நீ எதை வேண்டுமானாலும் எழுது, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன் என்று சொல்லலாம். அதைச் சொல்வதற்கும் அந்த வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். மூன்றாவது தடவையும் மெட்டு நின்றது, கட்டில் கிறீச்சிட்டது, காலடிச் சத்தம் கூடத்தை நோக்கி வந்தது. நிலைப்படியில் வந்து நின்ற உமையாளின் முகத்தில் கோபம் இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. என்னங்க, கதவைச் சாத்திக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். சரி உமா என்றேன். தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் மெட்டு மறுபடி தொடங்கியது, அந்த இடத்துக்கு வந்தது, நிற்காமல் தாண்டிப் போனது. அவள் என்ன பாடினாள் என்று எனக்குக் கேட்கவில்லை.